பழைய படம் கேட்ட சகாயமேரி

செய்தி வந்தபோது அரியலூர் ரயில் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெரம்பலூரில் ஸ்கேன் எடுக்கும் சகாயமேரி சிஸ்டர் மாரடைப்பில் போய்விட்டார் என்று அவரோடு வேலை பார்த்த பெண் போனில் அழுதார். டீயை அப்படியே வைத்துவிட்டு அவருடைய ஊரான வரதராஜன்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

அவரிடம் ஸ்கேன் எடுத்திருந்தால் நீங்களும் திட்டு வாங்கியிருப்பீர்கள். நான் வாங்கியது கொஞ்சம் அதிகம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறை துளைக்கும் வேலை எனக்கு. இருமலுக்காக எடுத்த ஸ்கேனில் வலது நுரையீரலில் சின்னக் கட்டி தெரிந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் அரியலூர் டாக்டர். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. இவரெல்லாம் ஒரு டாக்டரா என்று அந்தப் பக்கமே போகவில்லை. எட்டு மாதம் கழித்துப் பெரம்பலூரில் வேறு டாக்டரைப் பார்த்தேன். பழைய ஸ்கேன் படத்தை வேண்டுமென்றே பீரோவில் விட்டுவிட்டுத்தான் போனேன். இவர் தானாகக் கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்கிற நம்மூர்க் கெட்டிக்காரத்தனம்!

"பழைய படம் இருக்குங்களா?" என்றார் சகாயமேரி.

"இதான் மொத தடவை."

ஸ்கேன் முடிந்ததும் இடுப்பில் கைவைத்து நின்றார். "நான் சொல்றதுக்கு முன்னாடியே ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டுப் படுத்தீங்க. மொத தடவை வர்றவங்க நெஞ்சு மேல கையைக் கட்டிக்குவாங்கண்ணே. டாக்டருக்குப் பரீட்சை வைக்கிறீங்களா? தோத்தா போறது உங்க உசுருங்க."

படம் பீரோவில் இருப்பதை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி படத்தோடு பஸ் பிடித்து வந்தாள். டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கட்டி ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. "புதுசை மட்டும் பாத்திருந்தா நானும் மூணு மாசம் கழிச்சு வாங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய், ஆனால் தொடக்க நிலை. திருச்சியில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். ஆறு வருடமாகிறது.

பிறகு சுரங்கத்தில் இருமியவர்களையெல்லாம் அவரிடம் இழுத்துப் போனேன். அவர்களில் செல்வராசு, நுரையீரலில் புள்ளி என்றிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்து அழுதபோது சகாயமேரி அதட்டினார்: "புள்ளின்னாலே புத்துநோயா? பழைய டிபி தழும்பா இருக்கும், கல்லுத்தூசியா இருக்கும். வளருதான்னு பாக்கத்தான் பழைய படம் கேக்குறேன். பின்ன, எங்க வூட்டுல மாட்டவா?" செல்வராசுக்கு இருந்தது தழும்பு. இரண்டு வருடம் பார்த்தும் வளரவில்லை. வைத்தியமே வேண்டாம் என்றதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடக்கம் முடிந்த மறுவாரம் எனக்குச் செக்கப். பீடி விட்டாச்சா என்று டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். ஆறு வருடமாக "ஆச்சுங்க" என்று பொய் சொல்லிவந்தவன், அதைப் பிடிக்க இனி சகாயமேரி இல்லையே என்று, மனைவி பக்கத்தில் இருக்கும்போதே, "தெனம் ரெண்டு ஓடுதுங்க" என்றேன். வழி நெடுக அவள் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டட்டும். உயிரோடு இருப்பவனைத்தானே திட்ட முடியும்.