மேல் மார்க்கும் கீழ் மார்க்கும்

மெக்கானிக் ஷெட்டில் பேப்பர் க்ளிப்புக்கு என்ன வேலை என்று ஸ்டேஷனரி கடைக்காரர் வாய்விட்டே கேட்டார்.

"என்னங்க, ஆபீஸ் ஏதாவது ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ஆமா. நானே மேனேஜர், நானே பியூன்."

கட்டுக் காகிதத்தைக் கவ்விப் பிடிக்கிற பெரிய கருப்பு க்ளிப், ஆறு. மெக்கானிக் அவற்றை வாங்கிவந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒன்றுகூடத் தொலையவில்லை. ஷெட்டின் சுவரில் ஓர் ஆணியில் வரிசையாகக் கவ்விக்கொண்டு தொங்கும். வேலை ஆரம்பிக்கும்போது ஆறு என்று எண்ணி எடுப்பார், முடிந்ததும் ஆறு என்று எண்ணி மாட்டுவார்.

டைமிங் பெல்ட் மாற்றுவது பலம் கேட்கிற வேலை இல்லை, ஆள் கேட்கிற வேலை. இன்ஜினுக்கு மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒரு பல்சக்கரம். இரண்டையும் ஒரு ரப்பர் பெல்ட் சேர்த்துச் சுற்றுகிறது. இரண்டு சக்கரத்திலும் ஆளுக்கொரு மார்க் உண்டு. பெல்ட்டை மாட்டும் நொடியில் இரண்டு மார்க்கும் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனால் வண்டி இழுக்காது. மூன்று பல் தள்ளினால் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடித்து வளைத்துவிடும், இன்ஜின் காலி. அதனால்தான் மேலே ஒருவர் சக்கரத்தைப் பிடித்து மார்க்கில் கண்ணை வைத்திருக்க, கீழே ஒருவர் பெல்ட்டை நழுவாமல் ஏற்றுவது. தனி ஆளுக்கு, மேல் சக்கரத்தோடு பெல்ட்டைக் கவ்வி வைக்க க்ளிப் வேண்டும்.

க்ளிப் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் அவர் மனைவி இருந்தாள்.

மதியச் சாப்பாடு கொண்டுவந்தவள் ஒருநாள் "இதைக் கொஞ்சம் பிடி" என்றதற்குப் பிடித்தாள். அப்படியே பதினோரு வருஷம் பிடித்தாள். அவர் கழற்றிய முன்சக்கரத்தின் இடத்தில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, "வந்துடுச்சா?" என்பார். மேலேயிருந்து, "இன்னும் ஒரு முடி... ஒரு முடின்னா உங்க தலைமுடி இல்ல, அங்கதான் ஒண்ணுமே இல்லையே... ம், வந்துடுச்சு" என்று பதில் வரும். பக்கத்து டயர்க்கடைக்காரர் அங்கிருந்தே சிரிப்பார்.

எல்லாம் ஒரு நாளில் போயிற்று. ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒருவர், பெட்டியும் கையுமாகத் தலைக்குமேல் நின்று அவசரப்படுத்தினார். பெல்ட் மாட்டியானது. "வந்துடுச்சா?" "வந்துடுச்சு." மூடியைப் போட்டார், சாவியைத் திருப்பினார். இரும்புத் தட்டுகள் படியில் உருண்டதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்ஜின் செத்துவிட்டது.

பெட்டிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். டயர்க்கடையில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அவள் கையைத் துடைத்தாள். துடைத்த துணியை நான்காக மடித்து டூல் பெட்டியின் மேல் வைத்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள். வண்டியை வேறு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனார்கள். அங்கே பிரித்துப் பார்த்ததில் டைமிங் மூன்று பல் தப்பு என்று சேதி வந்தது. அதையும் வீட்டுக்குக் கொண்டுபோய், "மூணு பல்லாம்" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்தார். அவள் சோற்றைப் போட்டாள். அடுத்த வாரம் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றாள். டாக்டர் பெரிதாக ஒன்றும் இல்லை என்றாராம், இவள்தான் வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கினாளாம். அடுத்த மாதம் மருந்துக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். மாத்திரை அட்டையில் பொடிப்பொடியாக இருக்கும் எழுத்தையெல்லாம் படித்து எடுத்துக் கொடுக்கிற வேலை. கண் தெரியாதவளுக்கு அந்த வேலையை யார் கொடுத்தார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

அதற்குப் பிறகு சண்டை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "கேஸ் தீர்ந்துடுச்சு." "சொல்லியாச்சு." "தண்ணி வருது." "மோட்டார் போட்டாச்சு." இப்படியே நாள் போயிற்று. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அவரிடம் பேசிவிட்டு "அம்மாகிட்ட குடுங்க" என்பான், அவளிடம் பேசிவிட்டு "அப்பாகிட்ட குடும்மா" என்பான். போன் கை மாறும்போது விரல் பட்டால், இருவருமே ஏதோ அடுத்த வீட்டுக்காரரை இடித்துவிட்டது போல் ஒதுங்கிக்கொள்வார்கள்.

ஷெட்டில் இரண்டு விஷயம் மாறின. ஒன்று க்ளிப். இன்னொன்று, பெல்ட் மாட்டியதும் சாவியைத் தொடாமல், கீழ்ச் சக்கரத்தின் நட்டில் ஸ்பேனரைப் போட்டு இன்ஜினைக் கையாலேயே முழுசாக இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பது. தப்பிருந்தால் கையிலேயே தடுக்கும், வால்வு பிழைத்துக்கொள்ளும். எந்த அவசரக்காரர் வந்தாலும் இரண்டு சுற்று. அதனால் அவருக்கு அந்தத் தெருவில் பேரே 'ரெண்டு சுத்து' என்றாகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. அன்றைக்குச் செத்த அந்த மாதிரி இன்ஜினை அவர் அதன் பிறகு தொட்டதே இல்லை. வந்தால், "பார்ட்ஸ் கிடைக்காது, வேற இடம் பாருங்க" என்று அனுப்பிவிடுவார்.

போன வாரம் அவள் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க கடை முதலாளி வண்டிக்கு பெல்ட் மாத்தணுமாம். கீழ எண்ணெய் வேற ஒழுகுதாம். எடுத்துக்குவீங்களான்னு கேட்டாரு."

"என்ன வண்டி?"

"அதே இன்ஜின்."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியில் டியூப்லைட் வெளிச்சம்தான் தெரிந்தது.

"எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

வண்டி காலையில் வந்தது, நான்கு மணிக்குத் தருவதாகப் பேச்சு. முன்சக்கரத்தைக் கழற்றி, மூடியைத் திறந்தார். உள்ளே எண்ணெயும் தூசியும் சேர்ந்து களிம்பாக அப்பியிருந்தது. மேல் மார்க்கை வைத்துவிட்டுப் பழைய பெல்ட்டை எடுத்தார். எண்ணெய் ஒழுகும் ஆயில் சீல் வளையத்தை மாற்றக் கீழ்ச் சக்கரத்தையும் கழற்ற வேண்டியிருந்தது. நட்டு விடாப்பிடியாக இருந்தது, அதோடு மல்லுக்கு நின்றதில் சக்கரத்தைத் தாங்கும் ஷாஃப்ட் நகர்ந்துவிட்டது. பரவாயில்லை. புது ஆயில் சீல் அடித்து, சக்கரத்தை மாட்டி, ஷாஃப்ட்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தை நேர் மேலாகத் திருப்பி நிறுத்தினார். அவர் கைபட்ட நூறு இன்ஜினில் தொண்ணூற்றொன்பதில் கீழ் மார்க்கு அந்தப் பள்ளத்துக்கு நேராகத்தான் இருக்கும். கை தானாகவே செய்தது. மேலே போய் டார்ச் அடித்து, மேல் மார்க்கை மூன்று தடவை பார்த்தார். இந்தத் தடவை தவறக் கூடாது. முடியளவும் பிசகில்லை. ஆறு க்ளிப்பையும் போட்டுப் பெல்ட்டைக் கவ்வி, கீழே வந்து ஏற்றினார். பெல்ட்டை விறைப்பாகப் பிடிக்கும் டென்ஷனரை இறுக்கினார், க்ளிப்பை எடுத்தார்.

"என்ன ரெண்டு சுத்து, ஆரம்பிச்சாச்சா?" என்றார் டயர்க்கடைக்காரர்.

ஸ்பேனரைப் போட்டார். கால் சுற்று. அரைச் சுற்று. டக். அதற்கு மேல் போகவில்லை.

அழுத்தவில்லை. பின்னால் திருப்பி, மார்க்குக்கே கொண்டுவந்து நிறுத்தினார். மேலே போய்ப் பார்த்தார். மேல் மார்க்கு அப்படியே சரியாக நின்றது. அவரே வைத்தது, அவரே பார்த்தது. இந்த முறை மேலே வேறு யாரும் இல்லை.

கீழே வந்து, துணியை பெட்ரோலில் நனைத்துக் களிம்பைத் துடைத்தார். இன்ஜின் உடம்பில் ஒரு சின்ன அம்புக்குறி வெளிவந்தது. அதற்கு நேரே சக்கரத்தில் ஒன்றும் இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பல் பல்லாகப் பார்த்தார். ஒரு பல்லின் அடியில் ஊசியால் குத்தியது போல் ஒரு புள்ளி. அதுதான் மார்க்கு. இந்த இன்ஜினுக்குப் பள்ளம் கணக்கே இல்லை. அம்பிலிருந்து புள்ளி வரைக்கும் எண்ணினார்.

மூன்று.

கையில் ஸ்பேனரோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். சரி செய்வது பெரிய விஷயம் இல்லை, பெல்ட்டைத் தளர்த்தி மறுபடி மாட்டினால் ஆயிற்று. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆறு வருஷமாக யாருக்கும் தெரியாதது இன்றைக்கு மட்டும் எப்படித் தெரியும்? பெல்ட்டைத் தளர்த்தினார். க்ளிப்புகளைத் திரும்ப மாட்டினார். அதற்கு மேல் கை ஓடவில்லை. எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் மருந்துக்கடைக்கு நடந்தார்.

கடையில் அவருக்கு முன்னால் நான்கு பேர். வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் அவள் தலை நிமிராமலே, "என்ன வேணும்?" என்றாள்.

"கொஞ்சம் ஷெட்டுக்கு வர்றியா?"

நிமிர்ந்தாள். "எதுக்கு?"

"மார்க் பாக்க."

"எனக்குத்தான் கண்ணு தெரியாதே."

பின்னால் நின்றவர் இருமினார். "ஒன்றரைக்குச் சாப்பாட்டு நேரம். அப்ப வர்றேன். தள்ளி நில்லுங்க, ஆளுங்க நிக்கறாங்க" என்றாள்.

சொன்னபடி வந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு ஷெட்டுக்குள் கால் வைப்பவள், எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. அவர் டார்ச்சைக் கீழே பிடித்தார்.

"இந்தப் புள்ளி தெரியுதா? இதுதான் மார்க். நான் அந்தப் பள்ளத்தை மார்க்னு வச்சுட்டேன்."

"இன்னிக்கா?"

"இன்னிக்கும்."

அவள் குனிந்தபடியே இருந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் புள்ளியைப் பார்த்தாள். "நல்லாத்தான் தெரியுது" என்றாள். திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"வேணாம்னா கழட்டிடேன்" என்றார்.

"இப்ப இது இல்லாம மூஞ்சி மொட்டையா இருக்கு." புடவையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். "அன்னிக்கு நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. இன்னிக்கு யாரும் இல்லாதப்ப சொல்றீங்க."

அவர் டார்ச்சை அணைத்தார்.

"நாலு மணிக்கு அவருக்கு வண்டி வேணும். படுங்க கீழ."

படுத்தார். அவள் மேலே போய்ச் சக்கரத்தைப் பிடித்தாள். கீழே புள்ளியை அம்புக்கு நேராகக் கொண்டுவந்தார். கேட்கலாமா என்று யோசித்து, கேட்டார்.

"வந்துடுச்சா?"

"என்னுது எப்பவோ வந்துடுச்சு. உங்களுதைப் பாருங்க."

பெல்ட் ஏறியது. அவர் வெளியே வருவதற்குள் அவள் க்ளிப்புகளைக் கழற்றி ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். இரண்டு சுற்று சுற்றினார், எங்கும் தடுக்கவில்லை. இரண்டு மார்க்கும் வந்து நின்றன. மூடியைப் போட்டு முன்சக்கரத்தையும் மாட்டிவிட்டு, முதலாளி வந்து நிற்கும்போது க்ளிப்பை எண்ணினார்.

ஐந்து.

ஸ்டூலுக்கு அடியில் பார்த்தார். சட்டைப்பையில் பார்த்தார். மூடிக்குள் ஒரு க்ளிப் விழுந்து பெல்ட்டில் மாட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுபடி முன்சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். என்ன விஷயம் என்று கேட்ட முதலாளி, அங்கே வந்து நின்ற டயர்க்கடைக்காரரையும் பார்த்துக்கொண்டு, "மத்தியானம் உங்க வீட்டம்மா வந்தாங்களே, அவங்க கை தவறி உள்ள விட்டிருப்பாங்களோ?" என்றார்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அவ கை தவறாதுங்க. தவறினது எப்பவும் என் கைதான்." குரல் தேவைக்கு மேல் சத்தமாகவே வந்தது. "ஆறு வருஷம் முன்னாடி இங்க ஒரு இன்ஜின் போச்சு. அவ மார்க் சரியாத்தான் இருந்துச்சு. நான் கீழ தப்பா வச்சுட்டு, அவ கண்ணு மேல பழியைப் போட்டேன். இவருக்குத் தெரியும், இவர் அன்னிக்கு இங்கதான் நின்னாரு."

டயர்க்கடைக்காரர் தரையைப் பார்த்தார். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி சரி" என்றார். "எதுக்கும் போன் போட்டுக் கேட்டுடலாமே?" என்று அவரே போட்டார்.

"க்ளிப்பா? ஒண்ணு நான்தான் எடுத்துட்டு வந்தேன் சார்" என்று போனுக்குள் அவள் குரல். "மருந்துச் சீட்டெல்லாம் பறக்குது. கவ்வி வைக்க வேண்டியிருந்துச்சு."

முன்சக்கரத்தைத் திரும்ப இறுக்கினார். வண்டி சாவியின் முதல் திருப்பிலேயே எடுத்தது. முதலாளி போய்விட்டார். டயர்க்கடைக்காரர் எதையோ சொல்ல வந்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எட்டு மணிக்கு அவள் வந்தாள். தட்டை வைத்தாள்.

"முதலாளி சொன்னாரு."

"என்னன்னு?"

"வண்டி நல்லா ஓடுதாம்."

சாப்பிட்டார். மோர் ஊற்றிக்கொண்டே, "அந்த க்ளிப்பை எடுத்துட்டு வரலையா?" என்று கேட்டார்.

"அது அங்க வேலைக்குச் சேர்ந்துடுச்சு."

"அஞ்சுதான் இருக்கு."

"அஞ்சை வச்சு மாட்ட முடியாதா?"

"முடியும். கொஞ்சம் கஷ்டம்."

"கஷ்டப்படுங்க" என்றுவிட்டு அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு டிவி இருக்கும் அறைக்குப் போனாள். எப்போதும் போல அவர் சமையலறையிலேயே சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் அவள் பக்கம் நடந்தாள், அவர் அவர் பக்கம் நடந்தார். ஷெட்டுக்குப் போகிற வழியில்தான் அந்த ஸ்டேஷனரி கடை. க்ளிப்புகள் வாசலிலேயே டப்பாவில் கிடந்தன. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்.