அத்தை கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலை அவளுக்கு. இருபத்தாறு வருடமாக எல்லோருக்கும் 'லென்ஸ் அக்கா'. வலப்பக்கம் வருகிறவர்கள் மேலெல்லாம் இடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு பாதிக்குமேல் பட்டுப்போயிருந்தது.

"குடும்பத்துல யாருக்காவது பார்வை போயிருக்கா?" என்றார் டாக்டர்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"யாருக்கும் இல்லையே."

"அப்பாவோட தங்கச்சி, நம்ம அத்தை?"

"அவங்க பதினெட்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டாங்க. இப்ப எதுக்கு அதையெல்லாம் கிளறுற?"

அந்தக் 'கிளறுற' அவளை உறுத்தியது. லீவு போட்டுப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அத்தை பிறந்தது பேரேட்டில் இருந்தது. காய்ச்சல் வந்ததாகச் சொன்ன வருடத்திலும் அதை ஒட்டிய வருடங்களிலும் அவளுடைய இறப்புப் பதிவு இல்லை. தூசியில் தும்மித் தும்மிச் சலித்த குமாஸ்தா, அத்தை பெயரோடு அவள் அப்பாவான தாத்தா பெயரையும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"இவங்க இறந்து மூணு வருஷம்தாம்மா ஆகுது. வயசு எழுபத்திரண்டு."

இறந்த இடம்: பார்வையற்றோர் இல்லம். தகவல் தந்தவர்: இறந்தவரின் அண்ணன் மகன். கீழே, கடைசி எழுத்தின் வாலை மேலே சுழற்றிவிட்ட கையெழுத்து. அவளுடைய கல்யாணப் பதிவில் அண்ணன் சாட்சியாகப் போட்டதும் அதே கையெழுத்துதான்.

மறுநாளே இல்லத்துக்குப் போனாள். சேர்க்கைப் பதிவேட்டில் வயது பத்தொன்பது. சேர்த்துவிட்டவர் அவளுடைய அப்பா. இல்லத்தின் டெலிபோனை முப்பத்தைந்து வருடம் அத்தைதான் எடுத்திருக்கிறாள். குரலை வைத்தே ஆளைச் சொல்வாளாம். யாராவது கத்தினால் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாகத் தலை சீவுவாளாம். அத்தையோடு ஒரே அறையில் இருந்த மூதாட்டி இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க அண்ணன் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். 'தங்கச்சி கண்ணை டாக்டர்கிட்ட காட்டினியாடா? இது குடும்பத்துல வர்ற வியாதி'ன்னு அவ விடாம கேட்பா. 'காட்டியாச்சு, நல்லா இருக்கு'ன்னு அவர் சொல்வார். அன்னிக்கு அவளுக்கு ரெண்டு வாய் சோறு அதிகமா இறங்கும்."



நேராக அண்ணன் வீடு. பதிவு நகலை நீட்டியதும் அவன் முகம் வெளுத்தது.

"உன் கல்யாணம் நின்னுடும்னு அப்பா சத்தியம் வாங்கிட்டார்."

"என் பொண்ணே காலேஜ் முடிச்சிட்டா அண்ணா. இன்னும் எந்தக் கல்யாணம் நிக்கணும்?"

அவன் நகலை மடித்து மேசைமேல் வைத்தான்.

"நீ உன் கண்ணைக் காட்டினியா?"

"பன்னிரண்டு வருஷமா சொட்டு மருந்து போடுறேன்." தரையைப் பார்த்தபடி சொன்னான். "உன்கிட்ட சொல்லணும்னுதான் நினைப்பேன். நாள் ஆக ஆக வாய் வரலை."

"அத்தைகிட்ட பொய் சொல்ல மட்டும் வாய் வந்துச்சா?"

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வலது கண்ணில் போனது திரும்பவில்லை. இடது கண்ணை மருந்து காப்பாற்றியது. மகளை அந்த வாரமே பரிசோதித்தார்கள்; பழுதில்லை. இல்லத்தில் கேட்டு, டெலிபோனோடு அத்தை இருக்கும் படம் ஒன்றை வாங்கிக் கூடத்தில் மாட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் கடைக்கு வந்து எதிரே நின்றான்.

"டோக்கன் எடுத்துட்டு உட்காருங்க," என்றாள், நிமிராமல். "கூப்பிடுவாங்க."