கூடத்தில் உட்கார வைத்த மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்பவர் கைவேலை செய்யப் பிறந்தவர் அல்லர். சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் அடுக்குமாடியில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் குடும்பம். கோயில் நிர்வாகத்திலும் தமிழ் மேடைகளிலும் எனக்கென்று ஓர் இடம் உண்டு. ஆகவே, சென்ற ஆண்டு மகள் பிள்ளை பெற்று எங்கள் வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முறைப்படியே நடந்தது. அவளுக்கு உள்ளறையும் பத்தியச் சாப்பாடும். தங்கள் புக்கிட் மேரா வீட்டில் தனித்திருந்த மாப்பிள்ளை மாலையில் வந்தால், அவருக்குக் கூடத்தில் நாற்காலியும் மின்விசிறியும் சுடச்சுட வடையும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த கணினிப் பொறியாளர் அவர். எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கிய புதிதில் குழந்தையின் ஈரத்துணிகளை வாளியோடு அலச எடுத்துப் போனார்.

"ஐயோ மாப்பிள்ளை, கீழ வைங்க! நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று என் மனைவி வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் சன்னலுக்கு வெளியே கழியில் துணி உலர்த்தினால் எதிர் புளோக்கில் என்ன பேசுவார்களோ என்று நானும் எழுந்து நின்றேன். அதன்பின் அவர் எதையும் தொடவில்லை. வடை தின்றார், குழந்தையைச் சற்றுநேரம் பார்த்தார், எம்ஆர்டி ரயில் ஏறிப் போனார்.

மகளோ நாளுக்கு நாள் ஒடுங்கினாள். பால் கொடுக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். உடம்பு தேறினால் மனமும் தேறிவிடும் என்றாள் மனைவி. நானும் அப்படியே நம்ப முயன்றேன். ஆயினும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாளிதழை விரித்தால் வரி ஓடவில்லை. தேக்கா சந்தைக்குப் போனவன், எதற்கு வந்தோம் என்பதை மறந்து வெறுங்கையுடன் திரும்பினேன். குழந்தையின் முப்பதாம் நாள் விழாவுக்கு மண்டபம் பேசி, பெரியவர்களை நேரில் அழைத்தும் ஆயிற்று.

ஒரு மாலை, மாப்பிள்ளை தட்டைக் கையில் எடுத்த வேளையில் உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது.

"கெஸ்ட் வந்தாச்சா? வடை போதுமா, இல்ல பார்சல் கட்டச் சொல்லவா?"

அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். "நானா கேட்டேன்? எதைத் தொட்டாலும் 'உக்காருங்க மாப்பிள்ளை'ங்கறாங்க. மெசேஜ் பண்ணா நீ ரிப்ளையே பண்றதில்ல."

"என்னன்னு பண்றது? பிள்ளையத் தூக்கிட்டு ஜன்னல் பக்கம் போகவே பயமா இருக்குன்னா? நானே ஏதாச்சும் பண்ணிடுவேனோன்னு பயமா இருக்குன்னா?"

"மெதுவாப் பேசுடி, கதவு திறந்திருக்கு" என்றாள் என் மனைவி. நான் போய் வாசற்கதவைச் சாத்தினேன். திரும்பியபோது, மாப்பிள்ளை உள்ளறையில் மகளின் அருகே தரையில் அமர்ந்திருந்தார். குழந்தை அவர் மடியில் இருந்தது.

"மாமா, நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். இனி நான் இங்கயே இவகூட இருக்கேன்."

"முப்பது கழியட்டும், மாப்பிள்ளை. பச்சை உடம்புக்காரி படி தாண்டலாமா? நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க?"

"பாத்தா பாக்கட்டும்லா" என்றாள் மகள். பிறகு குரல் உடைந்தது. "எனக்கு முடியலப்பா."

முடியவில்லை என்ற சொல்லை என்னிடம் சொல்லாதவளாகவே அவளை வளர்த்திருந்தேன். முறையில் எனக்குள்ள மதிப்பு இன்றும் குறையவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு மறுமொழி எந்த முறையிலும் இல்லை.

"நானும் வரேன்" என்றேன்.

மறுநாள் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அவர்கள் இருவரையும் சேர்ந்தே உள்ளே அழைத்தார்கள். குழந்தையோடு நான் வெளியே அமர்ந்திருந்தேன். கோயில் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர், மருந்துப் பையுடன் அவ்வழியே வந்தவர், என்னைக் கண்டு நின்றார்.

"என்ன சார் இங்க? பேரப்பிள்ளைக்கு ஊசியா?"

ஆமாம் என்றால் போதும், அவர் போய்விடுவார்.

"இல்ல. பிரசவத்துக்கு அப்புறம் மகளுக்கு மனசு சரியில்ல. வைத்தியம் பாக்குறோம். முப்பது இப்ப இல்ல. நீங்களே மத்தவங்களுக்கும் சொல்லிடுங்க."

அவர் கதவின் மேலிருந்த பலகையைப் பார்த்தார். "ஓ... அப்படியா சார்" என்றபடி மின்தூக்கிப் பக்கம் நடந்தார். அவர் வீடு போய்ச் சேருமுன் செய்தி தமிழர் புழங்கும் சிராங்கூன் சாலையைச் சுற்றி வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

குழந்தை நெளிந்தது. எழுந்து நடக்கத் தொடங்கினேன். கதவுக்குப் பின்னால் மகளின் குரலும் மாப்பிள்ளையின் குரலும் மாறி மாறிக் கேட்டன, சொற்கள் பிடிபடவில்லை. நின்றால் குழந்தை அழுதுவிடும். அழுகை கேட்டால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். நான் நிற்கவில்லை.