மூன்றாம் மாடிக்குப் போகிற கரண்ட்

கைக்குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து என் இரண்டு கால்களும் போய்விட்டன. வாய் மட்டும் போகவில்லை. அதை வைத்துத்தான் பள்ளிக்கூட டீச்சராகப் பிழைக்கிறேன்.

செஞ்சியில் நாங்கள் வாங்கிய வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் இருக்கிறதே என்ற தைரியம்தான். மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை கரண்ட்டை நிறுத்துவார்களே, அதை யோசிக்கவில்லை. அன்றைக்கு நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் என்னை மேலே தூக்கிப் போவார்கள். ஒரு பக்கம் எப்போதும் என் வீட்டுக்காரர். சீர்வரிசைத் தட்டு மாதிரி போவேன். யாரும் முகம் சுளித்ததில்லை, எனக்குத்தான் அவமானமாக இருக்கும்.

மொட்டை மாடியில் சோலார் என்று பேச்சு வந்ததும் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பதவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் சீக்கிரம் இறங்கிவிடும் என்றார் ஒருவர். குரங்கு பேனலை உடைத்துவிடும் என்றார் இன்னொருவர். குரங்குக்கு நான் பதில் சொல்கிறேன் என்றேன். கரண்ட் போனால் பேனலும் சும்மாதான் கிடக்கும், பேட்டரி இல்லாமல் ஆகாது என்று ஒற்றைக்காலில் நின்றேன், உட்கார்ந்தபடியே. பேட்டரி வந்தது.

அதில் ஓடுவது லிஃப்ட், தண்ணீர் மோட்டார், வீட்டுக்கு ஒரு லைட், ஒரு ஃபேன். அந்த லைனில் மிக்ஸியோ இஸ்திரிப்பெட்டியோ போட்டால் எல்லாமே நின்றுவிடும். போடுகிறவர்களின் கதவு நம்பர் கீழே போர்டில் ஒரு வாரம் இருக்கும் என்று சட்டம் போட்டேன். முதலில் மாட்டியவர் முதல் மாடி அக்கா, தேங்காய்ச் சட்னி அரைத்து. நானே என் கையால் எழுதினேன். அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறார், சட்டம் சட்டம்தான் என்று இருந்தேன்.

போன மாதம் கரண்ட் நிறுத்திய நாளன்று பள்ளியில் மறுநாள் ஆண்டுவிழாவுக்குத் தோரணம் கட்டிவிட்டு மூன்று மணிக்கே வந்தேன். சக்கர நாற்காலியோடு லிஃப்டில் ஏறினேன். இரண்டாம் மாடி தாண்டியதும் டக்கென்று நின்றது. ஒரே இருட்டு.

"எந்த வூடு? நம்பரை எழுதாம வுடமாட்டேன்!" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"பயப்படாதீங்க டீச்சர், நான் போய்ப் பாக்கறேன்." முதல் மாடி அக்காவின் குரல்.

எனக்கென்ன பயம் என்று இருந்தேன். அப்போது கீழே தரையில் பிளாஸ்டிக் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் பயம் வந்தது, அழுகையும் வந்தது. "நாற்காலி வேணாம்! நான் இதுலயே போறேன்!" என்றேன்.

அக்கா திரும்பி வந்தார். "கண்டுபிடிச்சுட்டேன் டீச்சர். கோவிச்சுக்கக் கூடாது."

"இன்னாத்துக்குக் கோவம்? சொல்லுங்க."

"உங்க வூடுதான். சார் உங்க புடவைக்கு இஸ்திரி போட்டுனு இருந்தாரு. இப்பதான் நிறுத்தச் சொன்னேன்."

சற்று நேரத்தில் லிஃப்ட் கிளம்பியது. மூன்றாம் மாடியில் கதவு திறந்தால், வீட்டுக்காரர் பாதி இஸ்திரி போட்ட புடவையோடு நிற்கிறார். "நாளைக்கு நீ கட்டணுமேன்னு..." என்றார். திட்டுவதற்காகத் திறந்த வாயில் சிரிப்புதான் வந்தது. "ஏறுங்க, போர்டுல எழுதணும்" என்றேன். புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்.

கீழே எங்கள் கதவு நம்பரைப் பெரிதாக எழுதினேன். "அழிச்சுடலாம் டீச்சர், போவட்டும்" என்றார் அக்கா. அவர் நம்பரும் இதே இடத்தில்தான் இருந்தது. "ஒரு வாரம் இருக்கட்டும் அக்கா" என்றேன்.

கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. திரும்ப லிஃப்டில் ஏறினோம். பழக்கதோஷம், வீட்டுக்காரர் குனிந்து என் நாற்காலியின் ஒரு பக்கத்தைத் தூக்குவதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கையை எடுங்க," என்றேன். "அதுவா மேல போவுது."

எடுத்தார். போனது.