வழிப்போக்கரின் துப்பாக்கிச் சத்தம்

அவள் தச்சுவேலைக்காரி. வானொலி நிலையத்துக்கு முதன்முதலாகப் போனதே ஒரு கதவைச் சரிசெய்யத்தான். கீல் கிறீச்சிடுகிறது என்று மேலாளர் சொல்லியனுப்பியிருந்தார். அவள் எண்ணெய்க் குப்பியைத் திறந்ததுதான் தாமதம், அங்கே நாடகம் எழுதி இயக்கிக்கொண்டிருந்த அவளுடைய கொழுந்தன் தலைதெறிக்க ஓடிவந்தான்.

“ஐயையோ அண்ணி, தொடாதீங்க! நாடகத்துல நம்ம பேய் பங்களாவே அந்தக் கதவோட சத்தந்தான்!”

அவள் சிரித்துவிட்டு, இதைவிட நல்ல பேய்க்கதவு தன்னால் செய்ய முடியும் என்றாள். செய்தும் கொடுத்தாள். அதிலிருந்து நாடகத்துக்குச் சத்தம் எழுப்பும் வேலை அவள் தலையில் விழுந்தது. வீட்டில் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவளுக்கு ‘சத்தக்கா’ என்று பெயர் வந்தது அப்படித்தான்.

யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. காதுதான் வாத்தியார். மழைக்குச் சல்லடையில் பட்டாணி உருட்டினாள். பனியில் நடப்பதற்குத் துணிப்பையில் சோளமாவைக் கட்டிப் பிசைந்தாள். சரியாக வராவிட்டால் தூக்கம் வராது. நெருப்புச் சத்தத்துக்காக வீட்டில் இருந்த மிட்டாய்த் தாளையெல்லாம் கசக்கிக் காலி செய்தபோது, “தாளக் கசக்கு, மிட்டாய என்கிட்ட குடு” என்று கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சனிக்கிழமை மாலை நாடகத்தின் நாயகர் வழிப்போக்கர். ஒரு வண்டியில் ஏறிக் காலத்தில் முன்னும் பின்னும் போய்வருகிறவர். வாய் ஓயாது, முடி கலைந்தால் முகம் வாடிவிடும், நாயைக் கண்டால் நடுக்கம். ஆனால் இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க இருநூறு ஆண்டு பின்னால் போனவர். தன்னுடைய நாளையை எட்டிப் பார்க்கமாட்டார். அடுத்தவர் நாளைக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வருவார். சத்தக்காவுக்கு அவர் நாடகத்து ஆளே இல்லை. உறவுக்காரர் மாதிரி. அவருடைய வண்டிக்குச் சைக்கிள் சக்கரத்தில் அட்டை செருகிச் சுழற்றுவாள். வண்டி போய் மறைவதற்குத் தரையில் ஒரு தட்டைச் சுழலவிட்டு, அது தானாக அடங்கும்வரை காத்திருப்பாள்.

நாடகம் நேரடியாக ஒலிபரப்பாகும். அதனால் அங்கே ஒரு விதி உண்டு: காதில் கேட்டது நடந்தது. ஒருமுறை தொலைபேசி மணி அடிக்க வேண்டிய இடத்தில் அவள் கைதவறிப் பாத்திர அடுக்கு சரிந்துவிட்டது. வழிப்போக்கராக நடிக்கும் பல் மருத்துவர் அசரவில்லை. “மேல் வீட்ல சமையல் ஆரம்பிச்சாச்சு, நமக்கும் ஒரு வாய் கிடைக்குமா?” என்று கேட்டபடி வசனத்தைத் தொடர்ந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை கொழுந்தன் கொண்டுவந்த வசனத்தாள்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தாள். கடைசித் தாளில் இப்படி இருந்தது: ‘வழிப்போக்கர் சுடுகிறார். வில்லன் விழுகிறான்.’

“இது யாரு தம்பி? நம்ம ஆளு இல்லையே.”

“வேற வழியில்ல அண்ணி. வில்லனா நடிக்கிற பையனுக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும். அதுக்குள்ள அவன் சாகணும்.”

“செத்துத்தான் ஊருக்குப் போகணுமா? பஸ் ஓடலையா?”

“கிண்டல் பண்ணாதீங்க. அவன் ஒரு ஊரையே கொளுத்தப் பாத்தவன். சுட்டா ஜனங்க கை தட்டுவாங்க.”

“தட்டட்டும். ஆனா இவரு வரப்போற காலத்துக்கே போய்ப் பாத்துட்டு வரக்கூடியவரு. இவன் திருந்துவானா மாட்டானான்னு ஒரு நடை போய்ப் பாக்காம சுடுவாரா?”

கொழுந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. “கதை என்னுது அண்ணி, சத்தம் உங்களுது” என்று தாள்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

அதுவும் நியாயம்தான் என்று அவள் நினைத்தாள். மரச்சட்டத்தைத் தோல்மெத்தையில் ஓங்கி அடித்தால் துப்பாக்கிச் சத்தம் வரும். மறுநாள் மாலை இரண்டையும் எடுத்துத் தயாராகவே வைத்தாள். பக்கத்தில் சக்கரமும் தட்டும் எப்போதும்போல் கிடந்தன.

கடைசிக் காட்சி வந்தது. “உன் கணக்கு இத்தோட முடிஞ்சது” என்றார் பல் மருத்துவர். அறைக் கண்ணாடிக்கு அப்பால், சத்தம் எழுப்பச் சொல்லிக் கொழுந்தனின் கை கீழே இறங்கியது. அவள் சட்டத்தை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அடித்தால் அது நடந்துவிடும். அதற்குப் பிறகு அந்த மனிதர் வேறு மனிதர். வாராவாரம் அந்த வேறு மனிதருக்கு அவள் சத்தம் எழுப்ப வேண்டும்.

வானொலியில் மௌனத்தைப்போல் பெரிய குற்றம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் கொழுந்தன் தலையில் கைவைத்தான். விழுவதற்குத் தயாராக வயிற்றைப் பிடித்திருந்த வில்லன், பிடித்தபடியே விழித்தான். சத்தக்கா சட்டத்தைக் கீழே வைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினாள்.

பல் மருத்துவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பயந்துபோனவர்களைப் பகலெல்லாம் நாற்காலியில் உட்காரவைத்துப் பழகிய குரலில் சொன்னார்: “ஏறு.”

“என்னது?”

“வண்டியில ஏறுப்பா. உனக்கு ஒரு நல்ல இடம் இருக்கு. நான் போய்ப் பாத்துட்டேன்.”

“என்ன பாத்த?”

“உன்னத்தான். கிழவனாயிட்ட. தலையில ஒரு முடி இல்ல, அதுதான் எனக்கு வருத்தம். தோட்டத்துல செடி வைக்கக் குழி வெட்டிட்டு இருந்த. நான் யாருன்னு தெரியாமலே தண்ணி கொடுத்த.”

வில்லனின் தாளில் ‘ஆ’ என்ற ஓர் எழுத்துதான் இருந்தது. அவன் தாளைக் கீழே போட்டான். “நானா?” என்று கேட்டான். நடிப்பு இல்லை, நிஜமாகவே கேட்டான்.

“நீதான். ஏறு, நேரமாச்சு.”

“அப்ப நீ எப்படிப் போவ?”

“எனக்குக் கால் இருக்கு.”

அவள் தட்டைச் சுழலவிட்டாள். அது தள்ளாடி, படபடத்து, அடங்கியது.

ஒலிபரப்பு முடிந்ததும் கொழுந்தன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். “அது என் கதை அண்ணி.”

“ஆமா. நான் பண்ணது தப்புதான். வேணும்னே பண்ணல, கை வரல.”

“வண்டியையும் தூக்கிக் கொடுத்தாச்சு! அடுத்த வாரம் காலத்துல எப்படிப் போறது?”

“சும்மா உக்காந்திருந்தாலே காலத்துல போகத்தான செய்யுறோம்” என்றார் பல் மருத்துவர்.

கொழுந்தன் சிரிக்கக்கூடாது என்று முடிந்தவரை பார்த்தான். முடியவில்லை. வில்லன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, சாகாம ஊருக்குப் போறேன்” என்று குதித்தான்.

திங்கட்கிழமை அவன் பஸ் ஏறினான். அன்று மாலையே கொழுந்தன் வெற்றுத்தாள்களோடு அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டான்.

“அண்ணி, வண்டி இல்லாத மனுசன். வாடகைக்கு ரூம் வேணும், வேலை வேணும். பேட்டிக்குப் போறாருன்னு வைங்க. பொய் சொல்லமாட்டாரே.”

“மாட்டாரு.”

“வயசு கேட்டா?”

“முன்னால எண்ணணுமா, பின்னால எண்ணணுமான்னு கேப்பாரு.”

அடுப்படியிலிருந்து கணவரின் சிரிப்பு கேட்டது. கொழுந்தன் வேகமாக எழுதினான். எழுதிக்கொண்டே, “பழைய வேலைய ஏன் விட்டீங்கன்னு கேட்டா?” என்றான்.

சத்தக்கா கொஞ்சம் யோசித்தாள். “ஒருத்தருக்கு வண்டி தேவைப்பட்டுது, கொடுத்துட்டேன்னு சொல்வாரு.”