குனிந்த இருவரும் குனியாத நானும்

போன வியாழக்கிழமை ஒரு வழிப்பறிக்காரன் என்னிடம் நியாயமான கேள்வி ஒன்று கேட்டான்.

தினசரி வாழ்க்கையில் ஒழுங்காக இருப்பவனுக்குத் தற்காப்பு தானாக வந்துவிடும் என்பது என் சிநேகிதர் இஸ்மாயில் பாயின் கட்சி. கோரிப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். விடியுமுன் எழுவார், காபியைத் தொடமாட்டார், காலையும் மாலையும் வைகை மணலில் சிலம்பம். என்னைப் பற்றி வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? வெயில் முகத்தில் அடித்தால்தான் எழுந்திருக்கிற ரகம். மிஷன் ஸ்கூலில் ஹெட்மாஸ்டர் குனிந்து எழுதுகிற நேரம் பார்த்து வகுப்புக்குள் நுழைகிற வாத்தியார்.

அன்று திருமங்கலத்துக்குப் போயிருந்தோம். பாயின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பாய் தம் மனைவியின் வளையல்களை அழித்துச் செய்யக் கொடுத்திருந்த அட்டிகையை ஆசாரியிடம் வாங்கி, அவர் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். யுத்தத்தால் வந்த பெட்ரோல் தட்டுப்பாட்டில் இப்போது ஓடுவதெல்லாம் கரி எரித்து ஓட்டுகிற பஸ்தானே... பாதி வழியில் நின்றுவிட்டது. எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். பாய் உட்காரவில்லை.

"சாயங்காலப் பழக்கம் தவறிரும் மாப்ள. நடந்துருவோம் வா."

"நகை கையில இருக்கு பாய். பஸ்ஸோடயே இருப்போம்."

"கம்பு இருக்கு, நான் இருக்கேன். பெறகென்ன?"

ஒழுக்கம் இருக்கிறதே, அது ஆளைச் சும்மா இருக்கவிடாது. நடந்தோம்.

பொழுது சாய்கிற நேரம். ஒரு கண்மாய்க் கரையில், கருவேல மரத்துக்குப் பின்னாலிருந்து வாட்டசாட்டமான ஓர் ஆள் கம்போடு வந்தான்.

"பையை வச்சிட்டுப் போயிருங்கண்ணே." மரியாதையாகத்தான் சொன்னான். கம்பை மட்டும் ஓங்கியிருந்தான்.

பாய் பையைக் கீழே வைத்தார். கொடுத்துவிட்டாரே என்று நினைத்தேன். ஆனால் அவர் கம்பையும் கீழே கிடத்தினார். ஓர் அடி பின்வாங்கி, குனிந்து, மண்ணைத் தொட்டார்.

இதற்குச் சலாம் வரிசை என்று பெயர். சிலம்பத்தில் மோதுவதற்கு முன்னால் எதிராளிக்குச் செய்கிற மரியாதை. ஒருவர் செய்தால் மற்றவரும் செய்தாக வேண்டும். மணலில் சரி... கொள்ளையடிக்க வந்தவனுக்குமா? குனிந்த தலையில் ஒரு போடு போட்டால் கதை முடிந்தது.

அடி விழவில்லை. பார்த்தால், அவனும் கம்பைக் கிடத்திவிட்டு மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறான். அவனும் எந்த மணலிலோ ஒழுங்காகப் பழகியவன்தான் போலிருக்கிறது.

ஒழுக்கமுள்ள இருவரும் எதிரெதிரே குனிந்திருந்தார்கள். நிமிர்ந்து நின்றவன் நான் ஒருவன்தான். பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அவனுடைய கம்பைத் தூக்கிக் கண்மாய்த் தண்ணீரில் எறிந்தேன். அவன் நிமிர்ந்தபோது பாயின் கையில் கம்பு இருந்தது, அவன் கையில் இல்லை.

அவன் பாயைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"சலாம் போடயில கம்பைத் தொடலாமாண்ணே?"

குரலில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான். பிறகு கரையிலிருந்து இறங்கி முள்ளுக்காட்டுக்குள் நடந்துவிட்டான்.

ஊர் விளக்குகள் தெரிகிற தூரத்துக்கு வந்ததும் பாய் சொன்னார்.

"நீ செஞ்சது மொறையில்ல மாப்ள."

"அப்ப நகையை அவன்ட்டயே குடுத்துட்டு வரவா?" எனக்கு நல்ல கோபம்.

பாய் நின்று கம்பைத் தரையில் ஊன்றினார்.

"இம்புட்டு வருசத்துல என்னைய நெசமா அடிக்கணும்னு ஒருத்தனும் வந்ததில்ல மாப்ள. அவன் கம்பை ஓங்கவும் ஒண்ணுமே ஓடல. உடம்பு அது பாட்டுக்குக் குனிஞ்சிருச்சு. நீ இல்லேன்னா எம் மக வெறுங்கழுத்தோடதான் உக்காந்திருக்கணும்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஆக, தினசரி ஒழுக்கம் தற்காப்புக்கு உதவுமா? உதவும் என்றே நினைக்கிறேன். பயத்தில் புத்தி நின்றுவிட்டால், தினமும் செய்ததைத்தான் உடம்பு செய்கிறது. பாய் தினமும் குனிந்தவர், குனிந்தார். நான்? ஒருவர் தலை குனியும் நேரம் பார்த்துக் காரியத்தை முடிப்பது எனக்கும் தினசரிப் பழக்கம்தானே.

ஞாயிற்றுக்கிழமை அட்டிகை மணப்பெண்ணின் கழுத்தில் இருந்தது. பந்தியில் பாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாளையிலேர்ந்து நீயும் மணலுக்கு வா மாப்ள. விடியுமுன்ன."

"அந்நேரத்துக்கு எந்தத் திருடன் பாய் முழிச்சிருப்பான்?"

பாய் என் காதுப் பக்கம் குனிந்தார்.

"ஒருத்தன் முழிச்சிருப்பான். பதில் சலாம் போட்டானே, அவன்," என்றார்.