பழவேற்காட்டில் நான்கு தேநீரும் ஒரு பென்சிலும்

நான் வயிற்றுப்பாட்டுக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். பதினான்கு வருடமாக அடுத்தவர் புத்தகங்களில் விட்டுப்போன ஒற்றெழுத்தைத் தேடித் தேடி, கதையைக் கதையாகப் படிக்கும் பழக்கமே எனக்கு அற்றுப்போயிற்று. ஓய்வாக உட்கார்ந்தாலும் கை தானாகப் பென்சிலைத் தேடும். நாற்பதாம் பக்கத்தில் அலுத்துப்போய் மூடிவிடுவேன். போன ஜனவரியில் சின்ன வீட்டுக்குக் குடிபோக வேண்டி வந்தபோது, "நீதான் எதையும் படிக்கிறதில்லையே, புத்தகத்துக்கு எதுக்கு ஒரு சுவர்?" என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனாலேயே கோபம் வந்தது.

எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை ஒரே நாளில் ஒரு நாவலை அட்டையிலிருந்து அட்டைவரை படித்து முடிப்பது. முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அலமாரியோடு இருநூறு புத்தகங்களையும் கொடுத்துவிடுவது. வீட்டில் இது நடக்காது, குக்கர் கூப்பிடும். பழவேற்காட்டில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதற்காகவே அந்த ஊர்.

துணைக்கு நான்கு வகைத் தேயிலை வாங்கினேன்: மல்லிகை, எலுமிச்சைப்புல், துளசி இஞ்சி, செம்பருத்தி. இருபத்தைந்து கிராம் பொட்டலங்கள், நான்கும் சேர்த்து 640 ரூபாய். புத்தகம் 286 பக்கத் துப்பறியும் நாவல், நான்கு பாகம். பாகத்துக்கு ஒரு தேநீர். தொடக்கத்துக்கு மல்லிகை, துப்புக் கிடைக்கும் இடத்துக்கு எலுமிச்சைப்புல், விசாரணைக்கு இஞ்சி, கொலைகாரன் பிடிபடும்போது இரத்தச் சிவப்பாகச் செம்பருத்தி. திட்டம் போடுவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

காலை 6.20க்குச் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில், பொன்னேரிக்குப் பத்து ரூபாய். அங்கே பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பதால் பழவேற்காட்டுக்கு எனக்குச் செலவில்லை. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், திருப்பாலைவனத்தில் நின்று ஆளேற்றிப் போனதில் ஐம்பது நிமிடம் ஆயிற்று. இறங்கி ஏரிக்கரையோடு பதினைந்து நிமிடம் நடந்தேன். ஒரு குப்பத்தின் முனையில் ஓலைச் சார்ப்பு போட்ட டீக்கடையும் வெளியே ஒரு பெஞ்சும் இருந்தன. மணி 9.05.

கடைக்காரப் பெண்ணின் பெயர் சுசீலா, வயது நாற்பதுக்குள் இருக்கும். வெந்நீருக்குக் காசு தருகிறேன், நாள் முழுக்க இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கலாமா என்று கேட்டேன். "குந்துக்கோ, பெஞ்சி இன்னா தேஞ்சா பூடும்?" என்றாள். அவள் வடை போட்டுக்கொண்டிருந்தாள். தொந்தரவு தரக்கூடாதென்று, ஓரத்தில் இருந்த நீல டிரம்மிலிருந்து நானே கெட்டிலில் தண்ணீர் மொண்டு இரண்டாவது அடுப்பில் வைத்தேன். மல்லிகையைப் போட்டுக் குடித்த முதல் வாயிலேயே முகம் கோணிவிட்டது. மல்லிகைப்பூவைக் கருவாட்டுப் பானைக்குள் போட்டுவைத்ததுபோல ஒரு சுவை.

"அது கழுவுற தண்ணிம்மா, போர் தண்ணி, ஒரே உப்பு. நல்ல தண்ணி கேன்ல கீது. ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்றாள் சுசீலா.

மல்லிகையின் பாதி அப்படி மண்ணாய்ப் போயிற்று. இங்கே தண்ணீர் என்று கேட்டால் போதாது, 'நல்ல தண்ணி' என்று கேளுங்கள்.

பதினொன்றரை மணிக்கு எலுமிச்சைப்புல் தேநீரோடு 64ஆம் பக்கத்தில் இருந்தேன். அருமையான தேநீர். ஏரிக்காற்றுக்கும் அதற்கும் அப்படி ஒரு பொருத்தம். தட்டு எடுக்க வந்த சுசீலா நின்று பார்த்தாள்.

"இன்னா, புக்குலயே எழுதிக்கினு கீற?"

"தப்பு திருத்துறேன். பதினோரு தப்பு இதுவரைக்கும்."

"துட்டு குடுப்பாங்களா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு? சரி, இன்னா கதை அது?"

"ஒரு கொலை."

"யாரு செத்தது?"

எனக்குத் தெரியவில்லை. செத்தவர் பெயரில் விட்டுப்போயிருந்த புள்ளியை மூன்று இடத்தில் போட்டிருக்கிறேன், ஆனால் அவர் யார், எப்படிச் செத்தார் என்பது மனதில் இல்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் மிராசுதார் என்று சொன்னேன். வெட்கமாக இருந்தது. இந்த வேகத்தில் போனால் அலமாரி போனது போனதுதான் என்றும் தெரிந்தது.

சுசீலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மூணு மணிக்கு மேல கட கெடையாது, சொல்லிட்டேன். இன்னிக்கு எங்க பாடு," என்றாள்.

ஏதோ கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். "எல்லார் வீட்லயும் பாடுதாங்க. சரியாயிடும்," என்று ஆறுதல் சொன்னேன்.

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாடுன்னா எங்க மொறம்மா. ஏரில மீன் படுற எடத்துக்குச் சீட்டுப் போட்டு ஆளாளுக்கு நாள் பிரிச்சு வுட்டுருவாங்க. இன்னிக்கு எங்க ஊட்டுக்காரரு செட்டு எறங்குது. எத்தினி நாளா காத்துக்கினு கீறோம்."

"இன்னைக்குப் பார்த்து மீன் இல்லேன்னா?"

"இல்லாட்டியும் வலை போட்டுத்தான் ஆவணும். நாளைக்கி வேற ஆளு பாடு. நம்ப பாட்ட எடுத்து நாளைக்கி வெச்சுக்க முடியுமா?"

இந்தச் சனிக்கிழமை என் பாடு என்று எனக்கு உறைத்தது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். துளசி இஞ்சி உள்ளே போனதும் வேகம் பிடித்தது. ஆனாலும் பென்சில் கையில் இருக்கிறவரை கண் எழுத்தைத்தான் மேய்ந்தது. மூன்று மணிக்கு 150ஆம் பக்கம்.

கடையைச் சாத்துமுன் சுசீலா என் ஃபிளாஸ்க் நிறைய நல்ல தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினாள். செம்பருத்தியை ஒரு வாய் குடித்துப் பார்த்து, "புளிப்பா கீது. மீன் கொழம்புக்கு ஆவும்," என்றாள். பிறகு என் கையைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தப் பென்சில குடு. மீன் பிரிக்கக் குந்துனா முடி அவுந்து மூஞ்சில உழுது, பேஜாரு."

கொண்டையில் அதைக் குறுக்கே செருகிக்கொண்டு கரைப் பக்கம் போய்விட்டாள். என்னிடம் வேறு பென்சில் இல்லை. அடுத்த இரண்டு பக்கங்களுக்கு விரல் துடித்தது, ஒரு சந்திப்பிழையை நகத்தால் கீறினேன். பிறகு கிணற்றடியில் மிராசுதாரின் செருப்பு கிடைத்தது, நான் பிழைகளை மறந்தேன். செம்பருத்தியின் புளிப்பு தூக்கத்தை அண்டவிடவில்லை. 5.50க்குக் கடைசிப் பக்கத்தை மூடியபோது கால் மரத்துப்போயிருந்தது. அழுகை வந்தது. துப்பறியும் நாவலுக்கு அழுதவள் நானாகத்தான் இருப்பேன்.

ஆறு மணிக்குச் சுசீலாவும் அவள் கணவர் தேசப்பனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒரு கூடையோடு வந்தார்கள். பாதிக் கூடை இறால். "பரவால்ல," என்றார் தேசப்பன். சுசீலா கேட்டது ஒன்றுதான்: "யாரு கொன்னது?"

"கம்பவுண்டர் சபாபதி."

"மருந்து குடுக்குறவனா," என்று பெருமூச்சுவிட்டுப் பென்சிலை உருவப்போனாள். "வெச்சுக்கோங்க," என்றேன்.

6.40க்குப் பொன்னேரிப் பேருந்து பிடித்தேன். தேநீரோடு படிக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மல்லிகையைத் தவிருங்கள், மீன் வாசத்தில் அது எடுபடாது. எலுமிச்சைப்புல்லும் செம்பருத்தியும் போதும். ஃபிளாஸ்க்கை நான் காலியாகக் கொண்டுபோனது தப்பு, வீட்டிலிருந்தே நல்ல வெந்நீர் நிரப்பிப் போயிருக்க வேண்டும். ஏரிக்கரையில் நிழல் குறைவு, தொப்பி வேண்டும். பென்சில் வேண்டாம்.

அலமாரி இப்போது புது வீட்டில், கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. போன வாரம் கணவர் அந்த நாவலை எடுத்துப் படித்தார். முடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"281ஆம் பக்கத்தில கொலைகாரன் பேரையே தப்பா அடிச்சிருக்காங்க. நீ பாக்கலையா?"

வாங்கிப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் 'சபாதிப' என்று இருந்தது. நான் பார்க்கவே இல்லை.